காசிராஜனின் இடது கை

“ஆடாதீக. ஆடுனா எழுத்து கோணிக்கிடும்.”

காசிராஜன் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார். இடது கையைத் தலையணை மேல் மல்லாத்தி வைத்திருக்கிறார். எதிரே சம்மணம் போட்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி, நீலப் பேனாவால் அந்தக் கையில் எழுதிக்கொண்டிருக்கிறாள் அவர் மனைவி சண்முகவடிவு. முழங்கைக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, மூன்றே எழுத்து: வடிவு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். ஒவ்வொரு எழுத்தும் கோலம் போடுகிற மாதிரி நின்று, யோசித்து, வளைந்துதான் வரும். முடிந்ததும் ஊதுகிறாள். மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறாள். “ம், கெளம்புங்க” என்கிறாள். அதற்கப்புறம்தான் அவருக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது அந்த எழுத்து இருக்காது. சாயத்தொட்டி ஆவியும் வேர்வையும் சோடா உப்புத் தண்ணீரும் தின்றிருக்கும். மறுநாள் காலையில் மறுபடியும் தலையணை, மறுபடியும் பேனா.

காசிராஜனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. பாளையம்பட்டிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. சேலைக்குப் போகிற நூலைக் கொதிக்கிற தொட்டியில் முக்கி, கம்பால் புரட்டி, பிழிந்து, வெயிலில் காயப்போட வேண்டும். ஐம்பதைத் தொடப்போகிறார், அந்தக் கம்பு மாதிரியே ஒல்லி. அன்றைக்குப் பட்டறையில் என்ன நிறம் ஓடியது என்று தெருவே அவர் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். அரக்கு ஓடிய நாளில் வெளியூர்க்காரர்கள் அவரைக் கறிக்கடைக்காரர் என்று நினைப்பார்கள். மயில்கழுத்து ஓடிய நாளில் டவுன் பஸ்ஸில் வெள்ளை வேட்டிக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். இவரே கையைத் தூக்கிக் காட்டி, “ஒட்டாதுங்கய்யா, காஞ்சிருச்சு” என்று சிரிப்பார். முதலாளி வாங்கித் தந்த கையுறை ஆணியில் தொங்குகிறது. அதை மாட்டினால் நூல் இளகிவிட்டதா என்று விரலுக்குத் தெரிய மாட்டேன் என்கிறதாம்.

அன்றைய முதல் நூலைத் தொட்டியில் இறக்குவதற்கு முன் கண்ணில் ஒற்றிக்கொள்வார். “முனியய்யா, திட்டுத் திட்டா ஆக்கிப்புடாதப்பா.” அவ்வளவுதான் பிரார்த்தனை. ஈரத்தில் இருக்கிற நிறத்தை மட்டும் நம்பவே மாட்டார். ஈரத்தில் எல்லா நிறமும் அழகு, காய்ந்தால்தான் அதன் குணம் தெரியும் என்பது அவருடைய பட்டறைப் பாடம். அது வாய்ப்பழக்கமாகி, எதற்கும் “காயட்டும், பாப்போம்” என்பார். மகள் சுவாதிக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தும் அதையேதான் சொன்னார். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு, இந்த வயதில், பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. அது வந்த கதை சண்முகவடிவின் கையில் இருக்கிறது.

அவள் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே நீளவாக்கில், ‘காசிராஜன்’ என்று பச்சை குத்தியிருக்கிறது. கல்யாணமான வருஷம் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குப் போனபோது, இவர் பஞ்சுமிட்டாய் வாங்கப் போய்த் திரும்புவதற்குள், பச்சை குத்துகிறவளிடம் கையை நீட்டிவிட்டாள். இவரைக் கேட்கவில்லை. வேறு யாரையும் கேட்கவில்லை. “வலிச்சுச்சா?” என்று இவர் பதறியதற்கு, “வலிக்காம? ஒங்க பேரு சின்னப் பேராவா இருக்கு?” என்றாள்.

புருஷன் பேரை வாயால் சொல்லாதவள் அவள். ரேஷன் கடையோ, பேங்கோ, யார் கேட்டாலும் சேலையை விலக்கிக் கையை நீட்டுவாள். “இதுல இருக்கு பாருங்க.” கணக்கெடுக்க வந்த ஓர் அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வாசித்துவிட்டு, “நல்ல வசதிதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குச் சிறுநீரகம் சோர்ந்துபோனது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு வசதியாகக் கையில் சின்ன ஆபரேஷன் செய்து, இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார்கள். தைத்தது இடது கையில். அந்த நரம்பு புடைத்து எழும்பியது சரியாக ‘காசிராஜன்’ என்ற எழுத்துக்கு அடியில். முதல் தடவை ஊசி இறங்கியபோது இவர் பக்கத்தில் நின்று பார்த்தார். தடித்த ஊசி ஒன்று ‘சி’யின் வளைவுக்குள் இறங்கியது. இன்னொன்று ‘ஜ’வுக்குப் பக்கத்தில். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. இவர்தான் வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டார்.

தைத்த அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு ரீங்காரம் கேட்கும், விரலுக்கே கேட்கும். அது இருக்கும் வரைதான் அந்தக் கை மிஷினுக்கு ஆகும், தினமும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொட்டுப் பார்த்த முதல் நாளே இவர் சொன்னார்: “வடிவு, ஒனக்குள்ள தறி ஓடுதுடி!” அன்றிலிருந்து வீட்டில் அதற்குத் தறி என்றே பேர்.

பட்டறையில் கூட வேலை பார்க்கிற செல்லப்பாண்டியிடம்தான் மனசைத் திறந்தார். “எம் பேரு எழுதுன எடத்துலயே அவளக் குத்துறாகடா. ஒரு தடவ எனக்காகக் குத்து வாங்குனா. இப்ப வாராவாரம் வாங்குறா. நான் அவளுக்காக ஒரு குத்தாவது வாங்கிருக்கேனா?”

“ஏலே, அதுக்கு நீ குத்து வாங்குனா அவளுக்குக் கொறஞ்சிருமா?”

“கொறயாதுதான்.”

“பெறகு?”

அந்த வாரமே காசிராஜன் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கிற டாட்டூ கடைக்குப் படியேறிவிட்டார்.

கடைக்காரத் தம்பி பேர் பிரின்ஸ். சின்ன வயசு, காதில் கடுக்கன், கழுத்தில் சிலுவை. பட்டறை வேர்வையோடு வந்து நின்றவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, வரிசையாகக் கேள்வி கேட்டான். சர்க்கரை இருக்கிறதா? புண் சீக்கிரம் ஆறுகிற உடம்பா? சாப்பிட்டீர்களா, பசியோடு வந்திருக்கிறீர்களா? என்ன வேலை?

“சாயவேல தம்பி. நாள் முழுக்கத் தண்ணியிலதான்.”

“அப்ப கஷ்டம் அண்ணாச்சி. குத்துனா ரெண்டு வாரத்துக்கு அந்த எடம் ஊறக் கூடாது. ஒங்க தொட்டித் தண்ணி பட்டா அவ்வளவுதான். லீவு போடுவீங்களா? இன்னொண்ணு, யாருக்காச்சும் ரத்தம் குடுக்குறவுகளா? குத்திட்டா ஒரு வருஷத்துக்கு ஒங்ககிட்ட ரத்தம் எடுக்க மாட்டாங்க.” பேசிக்கொண்டே படங்களைக் காட்டினான். “வேல் போட்டுக்கிறீங்களா? ஓம்? மாரியம்மா மொகம்?”

காசிராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமி வேண்டாம் தம்பி. கறி திங்கிற கையி, கழிவுத் தண்ணி அள்ளுற கையி. அதுல கொண்டுபோயி அவுகள ஒக்கார வைக்கிறதா? எம் பொண்டாட்டி பேரு போதும். அவ கோவிச்சுக்கிட மாட்டா.”

பிரின்ஸ் தன் மணிக்கட்டைக் காட்டினான். கருகருவென்று ஒரு பூ. “இதுக்கு அடியில ஒரு பேரு இருந்துச்சு அண்ணாச்சி. யோசிக்காமப் போட்டது. அதான் எல்லாத்தையும் யோசிச்சுக்கிட்டு வாங்கன்னு நானே வந்தவுகளத் திருப்பி அனுப்புறேன். கட எப்படி வெளங்கும், சொல்லுங்க.”

யோசிப்பது என்றால் காசிராஜனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புதுச் சாயம் வந்தால் ஒரு துணுக்கு நூலை முக்கிச் சாம்பிள் பார்ப்பது. “ஒரே ஒரு புள்ளி வச்சு விடு. சாயம் நிக்கிதா பாப்போம்.” பிரின்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். புள்ளி வைக்கிறவரைக்கும் ஆள் எழுந்திருப்பதாக இல்லை. இடது கையில் வைத்துவிட்டான்.

பட்டறையில் சாம்பிள் நூலை என்ன செய்வார்களோ, அன்று சாயங்காலம் அதையே காசிராஜன் தன் தோலுக்குச் செய்தார். சோடாவும் சோப்புத்தூளும் கரைத்த சுடுதண்ணீரில் கையை ஊறவைத்து, வெள்ளைத் துணியால் அழுந்தத் தேய்த்தார். துணியில் நிறம் ஒட்டவில்லை. “ஒட்டல! நல்ல சாயம்!” என்று வடிவிடம் துணியைத் தூக்கிக் காட்டினார். மூன்றாம் நாள் அந்த இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிச் சீழ் பிடித்தது. “சோறு திங்கிறீகளா, சோடா திங்கிறீகளா?” என்று கேட்டுக்கொண்டே வடிவு மருந்து தடவினாள். பிரின்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். “அண்ணாச்சி, இது நூலு இல்ல, தோலு!”

சீழாவது ஆறியது. மனசில் ஆறாதது ஒன்று நடந்தது. அடுத்த மாசம் வடிவுக்கு ரத்தம் குறைந்துபோய், ஏற்ற வேண்டும், சொந்தக்காரர்கள் வந்து கொடுங்கள் என்றார்கள். காசிராஜன் முதல் ஆளாகப் போய் நின்றார். எல்லாரையும் கேட்கிற கேள்வியைத்தான் அவரையும் கேட்டார்கள், சமீபத்தில் பச்சை குத்தினீர்களா என்று. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சட்டைக் கையைச் சுருட்டிப் புள்ளியைக் காட்டினார். ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்றார்கள்.

“புள்ளிதானம்மா? பேரு இன்னும் எழுதவே இல்லியே.”

புள்ளியும் ஊசிதான், எழுத்தும் ஊசிதான் என்று ரத்தம் எடுக்கிற அம்மா பொறுமையாகச் சொன்னார். செல்லப்பாண்டிதான் கொடுத்தான். கொடுத்துவிட்டு வெளியே வந்து பிஸ்கட்டைக் கடித்தபடி, “இனி ஒம் பொண்டாட்டி பாதி எங்குடும்பம். மரியாதயா மச்சான்னு கூப்புடு” என்றான். காசிராஜன் சிரித்தார். வீடு வரும் வரை அந்தப் புள்ளியைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அப்படியும் ஆசை விடவில்லை. பிரின்ஸ் கடைசியில் ஒரு வழி சொன்னான். “ஒரு மாசம் பேனாவுல எழுதிக்கிட்டுத் திரிங்க. நாலு பேரு பாக்கட்டும், நக்கலடிக்கட்டும். நீங்களும் பாத்துக்கிட்டே இருங்க. மாசம் முடிஞ்சும் சலிக்கலன்னா வாங்க, புது ஊசி ஒங்க கண்ணு முன்னாலயே பிரிக்கிறேன்.” அவள் எழுத்திலேயே இருக்கட்டும் என்று காசிராஜன் வடிவிடம் பேனாவைக் கொடுத்தார். தலையணையும் பேனாவும் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

நக்கலுக்குக் குறைவில்லை. “கூப்புடுறதுக்குப் பேரு மறந்துபோச்சாக்கும்?” என்று செல்லப்பாண்டி தினமும் கேட்டான். டீக்கடையில் கேட்டார்கள். காசிராஜனுக்குச் சலிக்கவில்லை. எழுதுகிற நேரத்தில் அவருடைய வலது கை சும்மா இருக்கும் அல்லவா? அதை அவள் இடது கை மேல் வைத்து, தறி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வார். அவள் எழுதுவாள், இவர் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்.

மாசம் முடிந்தது. இவர் எழுத்தோடு போய் நின்றதும் பிரின்ஸ் அசந்துவிட்டான். “இதே கையெழுத்த அப்படியே எடுத்துறலாம் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம வாங்க.” மறுபடி ஒரு வருஷம் ரத்தம் கொடுக்க முடியாதே என்ற கவலைக்கு, “எங்கிட்ட இல்லாத ரத்தமாலே?” என்று செல்லப்பாண்டி நெஞ்சைத் தட்டினான். முதலாளி லீவும் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வடிவு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இவர் சந்தோஷமாகச் சொன்னார். “ஞாயித்துக்கெழம போட்டுருவோம். இனிமே அழியாது. ஒனக்கும் தெனம் காலையில அந்தச் செரமம் இல்ல.”

அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. முறத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

“நான் இருக்கேன், தெனம் எழுதுறேன். அழியாம இருக்கணும்னா... நான் இல்லாதப்ப பாக்குறதுக்கா?”

கோபமாகக் கேட்கவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காசிராஜன் எழுந்துபோய் அதில் எண்ணெய் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாடிப்படி வரைக்கும் போனார். படியில் கால் வைக்கவில்லை. எதிர்க்கடையில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பிரின்ஸ் போன் அடித்தான். “அண்ணாச்சி, ஊசி பிரிக்கட்டா?”

“பிரிக்காத தம்பி. இன்னும் காயல.”

பேனா எழுத்து நிற்கவில்லை. மறுநாள் காலையில் தலையணையை வடிவே எடுத்துப் போட்டாள்.

போன புரட்டாசியில் ஒரு நாள். வழக்கம்போல் அவள் எழுதிக்கொண்டிருந்தாள், இவர் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘வ’ எழுதினாள். ‘டி’ எழுதினாள். அதன் கொக்கியைச் சுழித்து முடிக்கும்போது இவர் விரலை அழுத்தினார். கொஞ்சம் தள்ளி வைத்து அழுத்தினார். குனிந்து காதையே வைத்தார்.

“வடிவு, தறி நின்னுருச்சு.”

பேனா அங்கேயே கிடந்தது. அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு, குழாய் அடைத்துக்கொண்டது, தாமதிக்க வேண்டாம் என்று மதுரைக்கு அனுப்பினார்கள். அடைப்பை எடுத்துப் பார்க்கலாம், முடியாவிட்டால் கையில் வேறு இடம்தான் தேட வேண்டும் என்றார்கள் அங்கே. திருப்பூரிலிருந்து மகள் சுவாதி வந்து சேர்ந்தாள். பெண்கள் வார்டு, ராத்திரி ஆண்கள் தங்க முடியாது. “நீங்க போங்கப்பா, நான் பாத்துக்கிறேன். எதுன்னாலும் போன் பண்றேன்” என்று அவள்தான் இவரை பஸ் ஏற்றி அனுப்பினாள்.

வெறும் வீட்டில் அவரால் உட்கார முடியவில்லை. காலையில் பட்டறைக்குப் போனார். போனவர் தொட்டிப் பக்கம் வராமல், சாயப்பொடி வந்த பிளாஸ்டிக் பையைக் கிழித்து இடது கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுற்றி, மேலும் கீழும் நூலால் இறுக்கிக் கட்டினார். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராமல் பல்லால் இழுத்தார்.

“என்னலே, கையில அடியா?” என்று ஓடி வந்தான் செல்லப்பாண்டி.

“அடியில்ல. நனஞ்சிரக் கூடாது.”

செல்லப்பாண்டி பைக்குள் உற்றுப் பார்த்தான். பாதிப் பேர் தெரிந்தது. வாய் வரை வந்த கேலியை விழுங்கிவிட்டு, நூலைப் பிரித்து, அவனே இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டான். அன்றைக்கு இவருடைய தொட்டியையும் சேர்த்து அவனே புரட்டினான். குளிக்கும்போதும் அந்தக் கையை மட்டும் காசிராஜன் வெளியே நீட்டி வைத்துக்கொண்டார். வேர்வைக்கு என்ன செய்வது? உள்ளுக்குள்ளேயே எழுத்து மங்கிக்கொண்டு வந்தது.

அடைப்பை எடுத்துவிட்டார்கள் என்று சுவாதி போன் செய்தாள். “நல்லா இருக்காங்கப்பா.”

“தறி?”

“டாக்டர் தொட்டுப் பாத்துட்டு ஓடுதுன்னுதான் சொன்னாரு.”

“காயட்டும், பாப்போம்” என்று சொல்ல வந்தவர் சொல்லாமலே போனை வைத்தார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

வார்டு வாசலில் ஆன்சி என்கிற நர்ஸ் பிடித்துக்கொண்டாள். “நீங்கதான் அவங்க வீட்டுக்காரரா? முதல்ல உங்க பேரச் சொல்லுங்க. அந்த அம்மாகிட்டக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறாங்க. கட்டுப் போட்ட கையக் காட்டி, ‘பிரிச்சுப் பாருங்க, உள்ள இருக்கு’ங்கிறாங்க! மகதான் சொல்லுச்சு. இருந்தாலும் ஆளையே கேட்டுக்கிறேன்.”

“காசிராஜன்மா” என்றார் இவர், கும்பிட்ட கையோடு.

வடிவு கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. இடது கையில் வெள்ளைக் கட்டு. இவரைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பிளாஸ்டிக் பைதான்.

“இது என்ன கோலம்?”

இவர் முடிச்சை அவிழ்த்தார். பை விலகியது. வேர்த்து வெளிறிய தோலில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு, இரண்டு எழுத்து. ‘வ’. ‘டி’.

வடிவு மகள் பக்கம் வலது கையை நீட்டினாள். “பேனா இருக்கா, சுவாதி?”

காசிராஜன் கட்டிலோரம் மண்டியிட்டு, அவள் தலையணை ஓரத்தில் கையை மல்லாத்தி வைத்தார். அவள் முனையைக் கொண்டுவந்து வைத்தாள். எழுத வரவில்லை. என்றைக்கும் ஆடாத அவர் கை, முழங்கையிலிருந்து விரல் வரை நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஆடாதீக” என்றாள்.

நடுக்கம் நிற்கவில்லை. அவள் கட்டுப் போட்ட இடது கையை மெதுவாகத் தூக்கி, அவர் மணிக்கட்டின் மேல் பாரமாக வைத்து அமுக்கிக்கொண்டாள். துணிக்குள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ‘வு’ எழுத ஆரம்பித்தாள்.